காலக்கெடு முடிந்த பின் மருத்துவ அலட்சிய வழக்கில் மனுவைத் திருத்துவது எப்படி?

மருத்துவ அலட்சியத்துக்கு வழக்குப் போடும் நாளில் பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, சில பில்கள், ஒன்றிரண்டு ஸ்கேன் ரிப்போர்ட், அவ்வளவுதான். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம் எல்லாம் ஆஸ்பத்திரியிடம் இருக்கும். வழக்குப் போட்டு, நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டு, அந்தக் காகிதங்கள் வந்து சேரும்போது வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் காலக்கெடு எப்போதோ தாண்டியிருக்கும். நடந்தது என்ன என்பதே அப்போதுதான் முழுசாகத் தெரியவரும். மனுவிலோ அதில் பாதிகூட இருக்காது.

அதை இப்போது சேர்க்க முடியுமா? பல நேரங்களில் முடியும். சேர்க்க நினைப்பது முதல் மனுவில் சொன்ன அதே சம்பவத்திலிருந்து பிறக்கிறதா, புதுச் சம்பவத்தை உள்ளே கொண்டு வருகிறதா என்ற ஒரு கேள்வியில்தான் ஏறக்குறைய எல்லாத் திருத்த மனுவும் நிற்கிறது, விழுகிறது. ஆகவே சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் பழைய மனுவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி, நுகர்வோர் ஆணையத்திலும் சிவில் கோர்ட்டிலும் இதை எப்படிச் செய்வது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், காலக்கெடு உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

எதிர்த்தரப்பு "லிமிடேஷன் போச்சு" என்றதும் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம். போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் ஆணையத்துக்கு இருக்கிறது. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்கு என்றால் பொதுவாகக் காலவரையறைச் சட்டம் 1963-ன் 113-ஆம் இனத்தின் கீழ் 3 வருடம். நோயாளி இறந்து, வாரிசுகள் 1855-ஆம் வருட ஃபேட்டல் ஆக்சிடென்ட்ஸ் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 82-ஆம் இனப்படி இறந்த நாளிலிருந்து 2 வருடம்தான்.

காரணம் எழுந்த நாள் எது என்பதில்தான் சண்டையே. அறுவைச் சிகிச்சை முடிந்த உடனே பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தால், கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். உள்ளே மறைந்திருந்து பின்னால் தெரிந்தால், நோயாளிக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து ஓடும். ஸ்ரீகண்டே வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. அந்த வழக்கில் வயிற்றுக்குள் துணி இருந்தது பல வருடம் கழித்து மறு அறுவையில் தெரிந்தது. ஆனாலும் நோயாளி தோற்றார். ஒரு நர்ஸாக இருந்தும், இத்தனை வருடம் வலியோடு இருந்தும், அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை என்பதை கோர்ட் எதிராக எடுத்துக்கொண்டது. எனவே "பிறகுதான் தெரிந்தது" என்றால் மட்டும் போதாது. இடையில் எந்தெந்த மருத்துவரிடம் போனீர்கள் என்பதற்கு ஓ.பி. சீட்டு வேண்டும்.

கொரோனா காலத்துச் சிகிச்சை என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் காலக்கெடுக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. 2021-ல் நடந்த அறுவைக்கு 2 வருடம் 1.3.2022-ல்தான் ஆரம்பம். அப்புறம், பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் காலவரையறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும், ஆஸ்பத்திரி ஆவணத்தை மோசடியாக மறைத்திருந்தால் 17-ஆம் பிரிவும், வேறு மன்றத்தில் நல்லெண்ணத்தோடு அலைந்திருந்தால் 14-ஆம் பிரிவும் கைகொடுக்கும். இவை சிவில் வழக்குக்கான பிரிவுகள். நுகர்வோர் ஆணையத்தில் இதே விஷயங்களைத் தாமதத்துக்கான காரணமாக எடுத்து வைக்கலாம்.

கணக்குப் போட்டும் காலம் முடிந்துவிட்டது என்றே வருகிறதா? சரி, அடுத்ததற்கு வருவோம்.

பழைய மனுவைக் கையில் எடுங்கள்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு 10.6.2022-ல் தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை அகற்றும் அறுவை நடக்கிறது. 15-ஆம் தேதி டிஸ்சார்ஜ். பிறகு சிறுநீர் கசிகிறது. ஆகஸ்டில் வேறு ஆஸ்பத்திரியில் பார்த்தால் வலது பக்கச் சிறுநீர்க்குழாய் காயப்பட்டிருக்கிறது, மறு அறுவை செய்கிறார்கள். 2024 மே மாதம், காலக்கெடு முடியும் முன், மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுகிறார். "அறுவையை அலட்சியமாகச் செய்ததால் சிறுநீர்க்குழாய் காயமானது" என்று 7-ஆம் பத்தி சொல்கிறது. 2025 ஜனவரியில் ஆணைய உத்தரவின்பேரில் கேஸ் ஷீட் வருகிறது. அதைப் புரட்டினால் இவர் சேர்க்க விரும்பும் விஷயங்கள் ஐந்து:

நர்ஸ் குறிப்பில் காய்ச்சல், விலா வலி இருக்கிறது, மருத்துவர் பார்த்த பதிவு இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் இருக்கிறது, ஆபத்துகளை எழுதும் இடம் காலி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவச் செலவு கூடியதால் நஷ்டஈட்டுத் தொகையை உயர்த்த வேண்டும். ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் உள்ள பெயரில் வழக்குப் போட்டாகிவிட்டது, நடத்துவது ஒரு டிரஸ்ட். உதவி மருத்துவர் ஒருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

இந்த ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் வைப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. பலவீனமான ஒன்று பலமான நான்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

நர்ஸ் குறிப்பு விஷயம் பலமானது. அதே ஆஸ்பத்திரி, அதே அட்மிஷன், அதே காயம். 7-ஆம் பத்தியில் உள்ள குற்றச்சாட்டின் விவரம்தான் கூடுகிறது. 1957-ல் லீச் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்றுவரை அடிப்படை விதி: திருத்தத்தில் கேட்பதை வைத்துப் புதிதாக வழக்குப் போட்டால் காலக்கெடு தாண்டியிருக்கும் என்றால், பொதுவாகத் திருத்தத்தை அனுமதிக்கக் கூடாது, ஆனால் அது கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு அம்சமே தவிர கோர்ட்டின் அதிகாரத்தைப் பறிக்காது. தேவையான உண்மைகள் முன்பே பிளைன்டில் (சிவில் வழக்கின் முதல் மனுவில்) இருந்ததால் அந்த வழக்கில் திருத்தம் கிடைத்தது. பிறகு தாமோதர் வேலி கார்ப்பரேஷன் வழக்கில், அதே உண்மைகளை வேறு கோணத்தில் அணுகுவதோ கூடுதலாக ஒரு அணுகுமுறையை வைப்பதோ புது வழக்குக் காரணம் ஆகாது, காலம் தாண்டியிருந்தாலும் அனுமதிக்கலாம் என்று இன்னும் தெளிவாக்கியது. திருத்த மனு வாதத்தில் இந்த இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.

ஒப்புதல் படிவம் கொஞ்சம் சிக்கல். ஒப்புதல் பெறாதது தனியான தவறு. அறுவை நல்லபடியாக நடந்திருந்தாலும் அது தவறுதான் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கு காட்டுகிறது. ஆகவே எதிர்த்தரப்பு இதைப் "புது வழக்கு" என்று சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. முதல் மனுவில் எங்காவது "ஆபத்துகள் குறித்து எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வக்கீல் நோட்டீஸில் இருந்து, மனுவில் அந்த நோட்டீஸைக் குறிப்பிட்டிருந்தால்கூட உதவும். அந்த ஒரு வரி கிடைத்தால் இது விளக்கம் ஆகிவிடும். கிடைக்காவிட்டால், தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும்.

தொகையை உயர்த்துவது நினைப்பதைவிட எளிது. எல்.ஐ.சி. எதிர் சஞ்சீவ் பில்டர்ஸ் வழக்கில், 1986-ல் தொடுத்த சிவில் வழக்கில் சுமார் 1 கோடியாக இருந்த மாற்று நஷ்டஈட்டுக் கோரிக்கையை 400 கோடியாக உயர்த்த 2017-ல் கேட்டார்கள். 2022-ல் சுப்ரீம் கோர்ட் அதை அனுமதித்தது. சொத்து வழக்குதான் என்றாலும் கோட்பாடு பொதுவானது. 2019 சட்டத்தில் இன்னொரு வசதி: எந்த ஆணையம் விசாரிக்கும் என்பது நீங்கள் கட்டிய சிகிச்சைக் கட்டணத்தைப் பொறுத்தது (50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம்). கேட்கும் நஷ்டஈடு கூடினாலும் மன்றம் மாறாது. 20.7.2020-க்கு முன் பழைய சட்டத்தில் போட்ட மனு என்றால் அப்படியில்லை. அங்கே கேட்கும் தொகையும் சேர்த்துக் கணக்கிடப்படும், கவனம் தேவை. சிவில் கோர்ட்டில் கூடுதல் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும்.

டிரஸ்ட் பெயர் விஷயம் வெறும் பெயர்ப் பிழை. சரியான ஆளைத்தான் வழக்கில் இழுத்தீர்கள், பெயரைத்தான் தவறாக எழுதினீர்கள் என்று காட்டினால் போதும். நோட்டீஸை அதே முகவரியில் டிரஸ்ட்தான் வாங்கியது, எதிருரையை (பதில் மனுவை) அதுதான் தாக்கல் செய்தது என்பதற்கான காகிதம் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மருத்துவரைச் சேர்ப்பது அவசியமா?

ஐந்தாவதில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். பாதிக்கப்பட்டவர்கள் அதிக சக்தியை வீணாக்குவது இங்கேதான்.

புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தால், காலவரையறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அவரைப் பொறுத்தவரை வழக்கு அவரைச் சேர்த்த நாளில்தான் போடப்பட்டதாகக் கருதப்படும். அதாவது அவருக்கு எதிராகக் காலம் தாண்டிவிட்டது. முன்பே சேர்க்காமல் விட்டது நல்லெண்ணத்தில் நடந்த தவறு என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டும் முந்தைய தேதியைக் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் "நல்லெண்ணம்" என்பதற்கே வரையறை இருக்கிறது: உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யாத எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே அந்த மருத்துவரின் பெயர் அச்சாகியிருந்தால் இந்த வாதம் அநேகமாக எடுபடாது. கேஸ் ஷீட் வந்த பிறகுதான் அவர் அறுவை அறையில் இருந்ததே தெரியும் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் அவர் வேண்டுமா என்பதே கேள்வி. 2004-ல் சவிதா கர்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட், சிகிச்சை அளித்த மருத்துவர்களைத் தனித்தனியாகச் சேர்க்கவில்லை என்பதற்காக ஆஸ்பத்திரிக்கு எதிரான புகாரைத் தள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. தன் மருத்துவர்களின் செயலுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பு. அலட்சியம் நடந்ததாக ஆரம்பநிலைச் சான்று வந்துவிட்டால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரி ஏற்கனவே வழக்கில் இருக்கும்போது உதவி மருத்துவருக்காகச் சண்டை போட்டு ஒரு வருடத்தைத் தொலைப்பதில் என்ன லாபம்? அவர் செய்ததை மனுவில் எழுதுங்கள், அவரைச் சாட்சியாக அழைக்கக் கேளுங்கள். தலைகீழாக, மருத்துவர் மட்டும் வழக்கில் இருந்து ஆஸ்பத்திரி விடுபட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது முயற்சி செய்தே ஆக வேண்டும்.

இதே கேள்வியை மற்றத் திருத்தங்களுக்கும் கேளுங்கள். மனுவில் இருக்க வேண்டியது முக்கிய உண்மைகள். அவற்றை நிரூபிக்கும் ஆவணமும் நிபுணர் கருத்தும் நிரூபண வாக்குமூலத்தோடு (ப்ரூஃப் அபிடவிட்) போகலாம், திருத்தம் தேவையில்லை.

திருத்த மனுவை எழுதுவது

சிவில் கோர்ட்டில் இது உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 6 ரூல் 17-ன் கீழ் ஒரு ஐ.ஏ. (வழக்கின் நடுவே போடும் இடைக்கால மனு). நுகர்வோர் சட்டம் அந்த ரூலை நேரடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஆணையங்கள் அதே கோட்பாட்டைப் பின்பற்றித் திருத்தங்களை அனுமதித்து வருகின்றன.

திருத்தப் பட்டியலைச் சொல் சொல்லாக எழுதுங்கள். "தேவையான திருத்தங்கள் செய்ய அனுமதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது. நம் உதாரணத்தில் இப்படி வரலாம்:

"பத்தி 7-க்குப் பின் 7-அ பத்தியாகச் சேர்க்க: பத்தி 7-ல் சொன்ன அறுவையைத் தொடர்ந்து 12.6.2022 இரவும் 13.6.2022 காலையும் மனுதாரருக்குக் காய்ச்சலும் வலது விலாவில் வலியும் இருந்தது, எதிர்மனுதாரர் தாக்கல் செய்த நர்ஸ் குறிப்பிலேயே பதிவாகியுள்ளது. 15.6.2022-ல் டிஸ்சார்ஜ் ஆகும்வரை எந்த மருத்துவரும் இதற்காகப் பரிசோதித்ததாகவோ ஸ்கேன் எடுக்கச் சொன்னதாகவோ பதிவு இல்லை. பத்தி 7-ல் சொன்ன சிறுநீர்க்குழாய்க் காயம் உரிய காலத்தில் கண்டறியப்படாமல் போனதற்கு இதுவே காரணம்."

பத்தி 7 முதல் வரியிலும் கடைசி வரியிலும் வருவதைப் பாருங்கள். புது உண்மையைப் பழைய பத்தியோடு கட்டிப் போடுவது வாதத்தின் பாதி. "எதிர்மனுதாரர் தாக்கல் செய்த" என்பதும் சும்மா போட்டதில்லை. தன் சொந்த ஆவணத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகவோ அதனால் பாதிக்கப்பட்டதாகவோ ஆஸ்பத்திரி சொல்ல முடியாது.

அபிடவிட்டில் தேதிகள்தான் பேச வேண்டும். ஆவணம் கேட்டு எழுதிய தேதி, ஆஸ்பத்திரி மறுத்த அல்லது பதில் தராத தேதி, வரவழைக்க மனுப் போட்ட தேதி, உத்தரவு, காகிதம் கைக்கு வந்த நாள், அதை ஒரு மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்ட நாள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட நடத்தை விதிகள், உள்நோயாளிப் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று சொல்கின்றன. நீங்கள் எழுத்தில் கேட்டும் தராமல் இழுத்தடித்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் அவர்கள்தான் என்று இந்த விதியை வைத்தே காட்டலாம். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவும் கணக்கில் வரும். இந்த 3 வருட விதிக்காகவே, ஆவணம் கேட்கும் கடிதத்தை டெலிவரி ஆனதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

கேஸ் ஷீட் வந்த பிறகு எவ்வளவு நாளில் மனுப் போட்டீர்கள் என்பதை நீதிபதி முதலில் பார்ப்பார். சில வாரங்கள் என்றால் கேள்வி எழாது. ஒரு வருடம் என்றால் முந்தைய தாமதத்துக்கு ஆஸ்பத்திரியைக் குறை சொல்லும் தகுதியும் போய்விடும். சிவில் கோர்ட்டில் இன்னும் கடுமை: 2002-க்குப் பின் வந்த நிபந்தனைப்படி, விசாரணை தொடங்கிவிட்டால், உரிய அக்கறை எடுத்தும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று காட்டினால்தான் திருத்தம். உங்கள் சாட்சியத்தை எழுத்தில் தரும் முதன்மை விசாரணை அபிடவிட் தாக்கலாகும் முன் போட்டுவிடுவது பாதுகாப்பு.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

"எங்களுக்குக் கிடைத்துவிட்ட காலவரையறை உரிமையைப் பறிக்கிறார்கள்" என்பதுதான் முதல் வாதம். 1920-ல் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்து உச்ச அப்பீல் மன்றம்) சரண்தாஸ் வழக்கில் சொன்னதைக் காட்டுவார்கள். விசேஷச் சூழ்நிலையில் அந்த உரிமையையும் தாண்டலாம் என்று அதே தீர்ப்பு சொல்வதை நீங்கள் காட்டுங்கள்.

காலம் தாண்டியதா இல்லையா என்பதே விவாதத்துக்குரியது என்றால், தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன இரண்டு வழக்குகள் உங்களுக்குத் துணை. 2001-ல் ராயப்பன் வழக்கில், லிமிடேஷன் விவாதத்துக்குரியதாக இருந்தால் திருத்தத்தை அனுமதித்து, அந்தக் கேள்வியைத் தனிப் பிரச்சினையாக எழுப்பி விசாரணையில் முடிவு செய்யலாம் என்றார்கள். 2002-ல் சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு வழக்கில், திருத்தம் சாதாரணமாக வழக்குப் போட்ட தேதியிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும், ஆனால் பொருத்தமான வழக்கில் கோர்ட் அதை மாற்றிச் சொல்லலாம் என்றார்கள். அங்கே திருத்த மனு போட்ட தேதியையே எடுத்தார்கள். ஆகவே அனுமதி கிடைத்தாலும் உத்தரவில் தேதி பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். "லிமிடேஷன் கேள்வி திறந்தே இருக்கிறது" என்று எழுதியிருந்தால், இறுதி வாதம்வரை அந்தத் தேதி ஆவணங்களைக் கைவிடக் கூடாது.

உங்கள் பக்கத்திலிருந்து செலவுத் தொகை தரத் தயார் என்றும், எதிர்த்தரப்பு கூடுதல் எதிருரை போட ஆட்சேபணை இல்லை என்றும் அபிடவிட்டிலேயே எழுதிவிடுங்கள். பாதிப்பு என்ற வாதத்தின் வேகம் அதிலேயே குறையும்.

உத்தரவுக்குப் பிறகு

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் வழுக்குகிறார்கள். சிவில் கோர்ட்டில் உத்தரவில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 14 நாளுக்குள், திருத்திய பிளைன்டைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஆர்டர் 6 ரூல் 18-ன் கீழ் கால நீட்டிப்பு வாங்காமல் திருத்த முடியாது. புதிதாக ஒருவரைச் சேர்த்திருந்தால் அவருக்குச் சம்மனும் திருத்திய நகலும் போக வேண்டும். அரசைச் சேர்ப்பதாக இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவுப்படி அரசுக்கு முதலில் அனுப்ப வேண்டிய நோட்டீஸுக்கான 2 மாதத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

மனு தள்ளுபடியானால், மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு எதிராக மாநில ஆணையத்தில் சீராய்வு. சிவில் கோர்ட் உத்தரவுக்கு எதிராக அரசியல் சட்டம் 227-ன் கீழ் ஹைகோர்ட்டில் சிவில் ரிவிஷன். அங்கே போகாவிட்டாலும், சிவில் வழக்கில் இறுதித் தீர்ப்புக்கு எதிரான அப்பீலில் இந்தப் பிழையை எழுப்ப அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு வழி விடுகிறது.

அந்த நேரத்தில் ஒரு யோசனையை யாராவது சொல்வார்கள்: "இந்த வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடலாம்." காலக்கெடு தாண்டிய வழக்கில் இதற்கு ஒருபோதும் தலையாட்டாதீர்கள். ஆர்டர் 23 ரூல் 1-ன் கீழ் கோர்ட் அனுமதியோடு வாபஸ் வாங்கினாலும், ரூல் 2-ன்படி புது வழக்குக்குக் காலக்கெடு, முதல் வழக்கே போடப்படாதது போலத்தான் கணக்கிடப்படும். நேரத்தில் போட்ட அந்த முதல் மனு எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், அதில் இருக்கும் கோர்ட் முத்திரைத் தேதிதான் உங்கள் வழக்கை உயிரோடு வைத்திருக்கிறது.